சகலையின் தபால் பெட்டி

1998 மார்ச் 2: தாள் கடிதம் 143. மின்னஞ்சல் இல்லை.
2003 மார்ச் 3: தாள் கடிதம் 118. மின்னஞ்சல் 27.
2009 மார்ச் 2: தாள் கடிதம் 41. மின்னஞ்சல் 390.
2015 மார்ச் 2: தாள் கடிதம் 9. மின்னஞ்சல் 1,126.

இவை ஒரே அலுவலகத்துக்கு, மார்ச் மாதத்தின் முதல் திங்கட்கிழமைகளில் வந்த கடிதங்கள். தாள் கடிதங்களை எண்ணி வரவுப் பதிவேட்டில் எழுதியவன் நான். மின்னஞ்சல் எண்ணிக்கைக்குக் காரணமானவர் என் சகலை, அதாவது என் மனைவியின் தங்கையை மணந்தவர். எங்கள் நிலையத்தின் ஓய்வுபெற்றோர் சங்கம் மலர் ஒன்று போடுகிறது. அதற்கு அவருடைய வாழ்க்கைக் குறிப்பை எழுதித் தரும்படி என்னிடம் கேட்டார்கள். என்னுடையதை எழுதித் தரும்படி யாரிடமும் கேட்டதாகத் தெரியவில்லை.

அவர் 1961இல் பிறந்தவர், எனக்கு மூன்று வயது இளையவர். அப்பா தையல்காரர். பத்தாம் வகுப்புக்குப் பிறகு எலெக்ட்ரீஷியன் பயிற்சி முடித்தார். குள்ளமானவர், இடதுகைக்காரர். நடந்து போகும்போதும் ஓடுகிறவரைப்போல இருப்பார். சட்டைப்பையில் பேனா இருக்கவேண்டிய இடத்தில் டெஸ்டர் இருக்கும். கையெழுத்து கோழி கிளறினாற்போல இருக்கும். எதையும் எழுதி வைத்துக்கொள்கிற பழக்கமே கிடையாது, எல்லாம் தலைக்குள்தான்.

எனக்குத் திருமணமானது 1986இல், அவருக்கு 1990இல். அந்த நான்கு ஆண்டுகளில் மாமியார் வீட்டின் பத்திரங்கள், வரி ரசீதுகள், மின்கட்டண அட்டைகள் எல்லாவற்றையும் வாங்கி ஆண்டுவாரியாக ஏழு கோப்புகளில் அடுக்கிக் கொடுத்திருந்தேன். என்ன தாள் கேட்டாலும் ஒரு நிமிடத்தில் எடுக்கலாம். அதைப் பற்றி யாரும் ஒரு வார்த்தை சொன்னதில்லை. சகலை மாப்பிள்ளையாக வந்த நான்காம் நாள் வீட்டுத் தண்ணீர் மோட்டார் நின்றுவிட்டது. மனைவியின் கொண்டை ஊசியை வாங்கி உள்ளே விட்டு ஏதோ செய்தார், மோட்டார் ஓடிற்று. அடுத்த இருபது ஆண்டுகளுக்கு அந்த வீட்டுக்கு வந்தவர்களெல்லாம் அந்தக் கொண்டை ஊசிக் கதையைக் கேட்டுவிட்டுத்தான் போனார்கள். "சின்ன மாப்பிள்ளை கை வெச்சா ஓடாதது எதுவும் இல்ல" என்பார் மாமியார். பெரிய மாப்பிள்ளை பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்திருப்பான்.

அவரை எங்கள் நிலையத்துக்குக் கொண்டுவந்ததும் நான்தான். நீர்மானிகளைச் சோதித்துச் சான்றிதழ் கொடுக்கும் நிலையம் அது. தரைத்தளத்தில் சோதனைக்கூடம், அங்கே நாள் முழுவதும் குழாய்களில் தண்ணீர் ஓடிக்கொண்டிருக்கும். முதல் மாடியில் பதிவறை. வருகிற கடிதங்கள் எல்லாம் முதலில் என் மேஜைக்கு வரும். நான் எண் போட்டு, தேதி முத்திரை குத்தி, பிரிவு எழுதி அனுப்பினால்தான் நிலையத்தில் எந்த வேலையும் தொடங்கும். 1994இல் பம்புகளைப் பார்த்துக்கொள்ள எலெக்ட்ரீஷியன் ஒருவர் தேவைப்பட்டார். மனைவி இரண்டு மாதம் சொல்லிச் சொல்லி, கடைசியில் நான் சகலைக்குச் செய்தி சொன்னேன். அவருடைய விண்ணப்பத்தை வரவு வைத்தவனும் நான்தான். எண் 2,206.

வேலையில் சேர்ந்த ஓராண்டுக்குள் நிலையத்தில் அவருக்குக் 'கரண்ட்' என்று பெயர் வந்துவிட்டது. எனக்கு அதற்கு முன்பே 'ரிஜிஸ்டர்' என்று பெயர். கரண்ட் வராத அறையே கிடையாது. ரிஜிஸ்டரைத் தேடி வருகிறவர்களோ ஏதாவது காணாமல் போனால்தான் வருவார்கள்.

கணினியை அவருக்கு யாரும் கற்றுக்கொடுக்கவில்லை. கணக்குப் பிரிவில் ஒன்று பழுதானபோது திறந்து பார்க்கத் தொடங்கியவர், பிறகு மூடவே இல்லை. 2003 ஜனவரி 20, திங்கட்கிழமை, நிலையத்துக்கென்று ஓர் அஞ்சல் சர்வரை ஓடவைத்தார். மாடிப்படியின் கீழே துடைப்பமும் வாளியும் வைத்திருந்த சின்ன அறைதான் இடம். வெளியிலிருந்து வரும் மின்னஞ்சலை வாங்கி, அவரவர் பெட்டியில் போட்டு, இங்கிருந்து போவதை வெளியே அனுப்பும் கணினி அது. நான் மாடியில் ஆறு அலமாரிகளோடு செய்த வேலையை அது ஒரு வாளி இருந்த இடத்தில் செய்தது.

அது லினக்ஸில் ஓடியது. லினக்ஸ் என்பது ஒரே பொருள் அல்ல என்று சகலை சொல்லித்தான் எனக்குத் தெரியும். அடிப்படை ஒன்றுதான். அதன்மேல் வேண்டிய மென்பொருள்களைச் சேர்த்து, ஒத்துப்போகிறதா என்று பார்த்து, ஒரு தொகுப்பாக வெளியிடுகிற கூட்டங்கள் பல இருக்கின்றன. அந்தத் தொகுப்புக்கு டிஸ்ட்ரோ என்று பெயர். சில கூட்டங்கள் ஆறு மாதத்துக்கு ஒருமுறை புதுப் பதிப்பு போடும். சில ஆண்டுக்கணக்கில் அசையாது. சகலை அப்போது ஆறு மாதக் கணக்கில் ஓடுகிற ஒன்றைத்தான் எடுத்தார். புதியதென்றால் நல்லது என்று நினைத்தேன் என்று பிறகு அவரே ஒப்புக்கொண்டார். புதுப் பதிப்பு வந்த வாரமே மாற்றிவிடுவார், மாற்றியதைப் பத்துப் பேரிடம் சொல்லவும் செய்வார்.

2003 மார்ச் 17 அன்று சர்வர் முதல் தடவையாக நின்றது. காலை 10.05 முதல் பிற்பகல் 1.20 வரை. சோதனைக்கூடத்தில் எல்லாரும் கையைப் பிசைந்துகொண்டு நின்றார்கள். என் மேஜைக்கு அன்று 122 தாள் கடிதங்கள் வந்தன, 122உம் 11 மணிக்குள் உரிய பிரிவுகளுக்குப் போய்ச் சேர்ந்தன. மதிய இடைவேளையில் வெளியே போய் இருநூறு பக்க நோட்டு ஒன்று வாங்கிவந்தேன். முதல் பக்கத்தில் தலைப்பு எழுதவில்லை. இரண்டாம் பக்கத்தில் கோடு போட்டு நான்கு பத்திகள் பிரித்தேன்: நின்ற தேதி, நின்ற நேரம், மீண்ட நேரம், காரணம்.

அந்த நோட்டை எதற்காகத் தொடங்கினேன் என்பதை மறைக்க ஒன்றும் இல்லை. ஒரு நாள் யாராவது கணக்குக் கேட்பார்கள், அப்போது நீட்டவேண்டும் என்றுதான். பன்னிரண்டு ஆண்டுகள் எழுதினேன். காரணம் தெரியாவிட்டால் போய்க் கேட்பேன். சகலை திரையைப் பார்த்தபடியே பொறுமையாகச் சொல்வார். பதிப்பை மாற்றினேன், புதுப் பதிப்பில் அமைப்புக் கோப்பு எழுதுகிற முறை மாறிவிட்டது, பழையது செல்லவில்லை என்பார். அல்லது மின்வெட்டு என்பார். நான் மேலே வந்து எழுதுவேன், மாலையில் நோட்டை வீட்டுக்கு எடுத்துப்போய் அலமாரியில் பூட்டுவேன்.

ஒரு பதிவில் மட்டும் நான் போய்க் கேட்கவில்லை. அதைத் தனியாகச் சொல்லவேண்டும்.

மின்னஞ்சல் முகவரியில் நிறுவனத்தின் பெயராக வரும் பகுதியை ஆண்டுதோறும் புதுப்பிக்கவேண்டும். எங்களுக்கு அதைச் செய்து கொடுத்த முகவர் பழைய காலத்து ஆள். நினைவூட்டலைத் தபாலில்தான் அனுப்புவார். 2011 ஜனவரி 11, செவ்வாய்க்கிழமை, அந்தக் கடிதம் என் மேஜைக்கு வந்தது. வரவு எண் 283. உறையில் நிலையத்தின் பெயர் மட்டும் இருந்தது, பிரிவு எழுதப்படவில்லை. பிரிவு குறிப்பிடாத கடிதங்களைத் தனித் தட்டில் வைத்து மாதக் கடைசியில் பிரித்து அனுப்பவேண்டும் என்பது பதிவறை விதி. விதியை எழுதியவனும் நான்தான். கடிதம் யாருக்கு என்பதைப் பார்த்தவுடனே தெரிந்துகொண்டேன். எழுந்து கீழே போய்க் கொடுத்திருந்தால் நாற்பது படிகள். நான் விதிப்படி தட்டில் வைத்தேன்.

அதற்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை மாமியார் வீட்டில் சகலைக்கு ஒரு கைக்கடிகாரம் கொடுத்திருந்தார்கள். அதற்கும் இதற்கும் தொடர்பு இல்லை என்று அன்று நினைத்துக்கொண்டேன்.

ஜனவரி 27, வியாழக்கிழமை காலை 9.40க்குப் பெயர் காலாவதியானது. வழக்கமாகச் சர்வர் நின்றால் வெளியிலிருந்து அனுப்புகிற சர்வர்கள் காத்திருந்து மறுபடி முயலும், கடிதம் தாமதமாகவாவது வந்து சேரும். இந்த முறை அப்படி ஒரு முகவரியே இல்லை என்று 214 கடிதங்கள் திரும்பிப் போயின. சகலை காரணத்தைக் கண்டுபிடித்து, முகவரைத் தொலைபேசியில் பிடித்து, சனிக்கிழமை 12.40க்குச் சரிசெய்தார். மொத்தம் ஐம்பத்தோரு மணி நேரம். புதுப்பிக்கவேண்டிய தேதியைக் கவனிக்கத் தவறிவிட்டேன் என்று அவரே இயக்குநரிடம் சொல்லிவிட்டார். பிப்ரவரி 3 அன்று அவருக்கு மெமோ கொடுத்தார்கள், எண் 7/2011. கோப்பில் மெமோ உள்ளவருக்கு ஐந்தாம் சம்பளத் தரம் கிடையாது. அடுத்த ஆண்டு அவருக்கு ஐந்தாம் தரம் வந்திருக்கவேண்டும். வரவில்லை. என்னைப்போலவே நான்காம் தரத்தில் நின்றார்.

ஜனவரி 31 அன்று நான் விதிப்படி தட்டைப் பிரித்து அந்தக் கடிதத்தை அவருக்கு அனுப்பினேன். அவர் அதைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை. நோட்டில் நான்காம் பத்தியில் 'தெரியவில்லை' என்று எழுதினேன். பன்னிரண்டு ஆண்டுகளில் அந்த நோட்டில் நான் எழுதிய பொய் அது ஒன்றுதான்.

2015இல் சர்வர் கணினி கிழடாகிவிட்டது. மாற்றவேண்டும் என்று சகலை எழுதிக் கேட்டதற்கு, தலைமை அலுவலகம் ஓர் ஆலோசகரை அனுப்பியது. கழுத்தில் அடையாள அட்டை தொங்க, மாடிப்படியின் கீழே குனிந்து பார்த்துவிட்டு, இதென்ன துடைப்ப அறையா என்று கேட்டாராம். அவருடைய யோசனை சுருக்கமானது. சொந்த சர்வரே வேண்டாம், அஞ்சலை வெளி நிறுவனம் ஒன்றிடம் ஒப்படைக்கலாம், எலெக்ட்ரீஷியனைப் பம்புக்கே திருப்பி அனுப்பலாம். இயக்குநர் அம்மா இரண்டு தரப்பையும் கேட்டு முடிவு செய்வதாகச் சொல்லி, ஜூன் 18 அன்று கூட்டம் வைத்தார். தோற்றால் சகலை ஐம்பத்து நான்காம் வயதில் ஈரத் தரையில் நின்று வால்வு திருகவேண்டும். ஆவணப் பொறுப்பாளர் என்ற முறையில் நானும் கூட்டத்தில் உட்காரவேண்டியிருந்தது. பன்னிரண்டு ஆண்டுகளாக நான் காத்திருந்த கணக்குக் கேட்கும் நாள் வந்துவிட்டது.

சகலை அந்த ஆறு வாரங்களில் செய்த வேலையை நேராகவே சொல்லிவிடுகிறேன். கழித்துப்போட்ட மூன்று கணினிகளைப் படிக்கட்டு அறையில் வரிசையாக வைத்தார். ஒவ்வொன்றிலும் ஒரு டிஸ்ட்ரோ. மேலே காகிதம் ஒட்டிப் பெயர் எழுதினார். முதலாவது 'அவசரம்', நாங்கள் பன்னிரண்டு ஆண்டு ஓட்டியது. இரண்டாவது 'சந்தா', ஒரு நிறுவனம் பத்தாண்டுப் பொறுப்போடு தருவது. சந்தா கட்ட ஆண்டுதோறும் தலைமை அலுவலகத்தின் கையெழுத்து வேண்டும், ஒரு கையெழுத்துக்கு அங்கே எத்தனை மாதம் ஆகும் என்பதை என் பதிவேடு சொல்லும். மூன்றாவது 'நிதானம்'. அது டெபியன். ஏறக்குறைய இரண்டாண்டுக்கு ஒருமுறைதான் புதுப் பதிப்பு வரும், அதுவும் நன்றாகச் சோதித்த பிறகு. இடையில் பாதுகாப்புத் திருத்தங்கள் மட்டும் வந்துகொண்டிருக்கும், மற்றபடி எதுவும் இடம் மாறாது. வருகிற கடிதங்களின் நகலை மூன்றுக்கும் அனுப்பினார். அஞ்சலை வாங்கி அனுப்ப போஸ்ட்ஃபிக்ஸ், பெட்டியில் வைத்துக் காட்ட டவ்காட் என்று மூன்றிலும் மென்பொருள்கள் ஒன்றுதான். அப்படியிருக்க மூன்று எதற்கு என்று சோதனைக்கூடத்துக்காரர்கள் கேட்டார்கள். கேட்க வந்தவர்கள் படிக்கட்டில் உட்கார்ந்து பார்த்தார்கள். என் பதிவறையில் நான்கு நாற்காலிகள் காலியாகவே கிடந்தன.

ஒரு மதியம் அவரே மேலே வந்து, என் எதிரில் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"அண்ணே, என் வண்டவாளத்தையெல்லாம் ஒரு நோட்டுல எழுதி வெச்சிருக்கீங்களாமே?"

"யார் சொன்னா?"

"வேற யாரு, அண்ணிதான். எங்க வீட்டுக்காரிகிட்ட சொல்லியிருக்காங்க. எட்டு வருஷமா எனக்குத் தெரியும்."

"தெரிஞ்சும் ஏன் கேக்கல?"

"எழுதற கைய எதுக்குத் தடுக்கணும்னு விட்டுட்டேன். இப்ப அது எனக்கு வேணும்ணே. எப்ப நின்னுச்சு, எவ்வளவு நேரம் நின்னுச்சுன்னு கேட்டா காட்டறதுக்கு என்கிட்ட ஒரு துண்டுச் சீட்டுகூடக் கிடையாது. வெர்ஷன் மாத்தினப்பதான் நின்னுச்சுன்னு மனசு சொல்லுது. மனச எடுத்து மேஜை மேல வெக்க முடியுமா?"

நோட்டைத் தரமாட்டேன், கூட்டத்துக்கு நானே கொண்டுவருகிறேன் என்றேன். அவர் அதற்கும் தலையாட்டிவிட்டுப் போனார். போகும்போது என் மேஜை விளக்கு மினுக்குவதைப் பார்த்து, டெஸ்டரை எடுத்து ஒரு திருகு திருகிவிட்டுப் போனார். நான் அதைச் சரிசெய்யச் சொல்லிக் கேட்கவில்லை.

அன்று மாலை வீட்டில் மனைவியிடம் நோட்டு விஷயத்தை ஏன் சொன்னாய் என்று கேட்டேன். ராத்திரி பகல் பார்க்காமல் ஒரு நோட்டை அலமாரியில் பூட்டிப் பூட்டி எடுத்தால், அதில் வேறு யாரோ இருக்கிறார்களோ என்று எனக்குச் சந்தேகம் வராதா, எடுத்துப் பார்த்தேன், என் தங்கச்சி வீட்டுக்காரர்தான் இருந்தார் என்றாள். சொல்லிவிட்டு அவள் சிரித்ததை நான் ரசிக்கவில்லை.

பிறகு உட்கார்ந்து நோட்டைக் கூட்டினேன். கூட்டாமல் ஒரு நோட்டைக் கூட்டத்துக்குக் கொண்டுபோவது எனக்கு வழக்கமில்லை. மொத்தம் 23 தடைகள், 121 மணி 20 நிமிடம். இதைச் சொன்னால் சகலை முடிந்தார். ஆனால் பத்திவாரியாகப் பிரித்தபோது வேறொன்று தெரிந்தது. 23இல் 18, அவர் பதிப்பை மாற்றிய பத்து நாட்களுக்குள் நிகழ்ந்தவை. 61 மணி 15 நிமிடம். நான்கு, மின்வெட்டு, 9 மணி 5 நிமிடம். பதிப்பு மாறாத மாதங்களில் அந்தச் சர்வர் ஒருமுறைகூடத் தானாக நின்றதில்லை. குற்றம் ஆளிடம் இல்லை, ஆறு மாதத்துக்கொரு முறை மாறுகிற தொகுப்பை அஞ்சலுக்குத் தேர்ந்தெடுத்ததில் இருந்தது. நிதானத்தை எடுக்கவேண்டும் என்பதற்கு அவர் தேடிக்கொண்டிருந்த சான்று முழுவதும் என் கையெழுத்தில் இருந்தது. அவரைக் கவிழ்க்க நான் எழுதிய ஒவ்வொரு வரியும் அவருக்கே முட்டுக்கொடுத்து நின்றது. அன்று எனக்கு வந்த எரிச்சலைப்போல அதற்கு முன்போ பின்போ வந்ததில்லை.

மிச்சம் இருந்தது ஒரே ஒரு பதிவு. ஐம்பத்தோரு மணி நேரம், காரணம் தெரியவில்லை.

கூட்டத்தில் ஐந்து பேர் இருந்தோம். சகலை நின்றபடியே பேசினார், சுருக்கமாகவும் பேசினார். இயக்குநர் அம்மா, எல்லாரும் புதியதைத் தேடும்போது பழையதாகவே இருப்பதை ஏன் கேட்கிறீர்கள் என்று கேட்டதற்கு, "புதுசு புதுசா மாறறது எழுதற மேஜைக்கு நல்லது மேடம். தபால் பெட்டி நேத்து இருந்த எடத்துலயே இன்னைக்கும் இருக்கணும்" என்றார். அவருக்கு இந்த மாதிரி வாக்கியங்கள் எங்கிருந்துதான் வருமோ தெரியாது. எனக்கு முந்தின நாளே எழுதி வைத்துக்கொண்டாலும் வராது.

பிறகு நான் நோட்டை வாசித்தேன். பதினெட்டு, நான்கு என்று பிரித்துச் சொன்னதும் இயக்குநர் அம்மா நிமிர்ந்து உட்கார்ந்தார். ஆலோசகர் கையை நீட்டி நோட்டை வாங்கிப் புரட்டினார். கெட்டிக்காரர், விரல் நேராக அந்தப் பக்கத்தில் போய் நின்றது.

"மத்ததெல்லாம் விடுங்க. இந்த ஒண்ணு போதும். அம்பத்தோரு மணி நேரம். காரணமே தெரியலைன்னா, ஆளுக்கு வேலை தெரியலைன்னுதானே அர்த்தம்? எந்த டிஸ்ட்ரோ போட்டாலும் ஆள் இவர்தானே?"

சகலை உடனே, "அது என் கவனக்குறைவு மேடம். அப்பவே மெமோ வாங்கியாச்சு" என்றார்.

நான் பேசாமல் இருந்திருக்கலாம். அவர் முடித்துவிட்டார், என் பெயர் வரவே இல்லை. ஆனால் நான்கு ஆண்டுகளாக அவர் அந்தக் கடிதத்தின் முத்திரையைப் பார்த்துவிட்டுத்தான் வாயை மூடிக்கொண்டிருக்கிறார் என்பது அவர் அதைச் சொன்ன விதத்தில் எனக்குத் தெரிந்தது. கொண்டை ஊசி அவருக்கு, கைக்கடிகாரம் அவருக்கு, படிக்கட்டில் கூட்டம் அவருக்கு. இப்போது என் தவறை மன்னித்த பெருமையும் அவருக்கே போகவேண்டுமா? அதை மட்டும் என்னால் தாங்க முடியவில்லை.

"அவர் வாங்கின மெமோ என்னுது மேடம்" என்றேன்.

எழுந்து போய் 2011ஆம் ஆண்டு வரவுப் பதிவேட்டைக் கொண்டுவந்து, எண் 283ஐ வாசித்தேன். வந்தது ஜனவரி 11. தட்டில் இருந்தது இருபது நாள். யாருக்கு என்பது எனக்கு அன்றே தெரியும். நோட்டில் 'தெரியவில்லை' என்றிருப்பதை அடித்து, 'பதிவறைத் தாமதம்' என்று அங்கேயே திருத்தி, தேதியிட்டுக் கையெழுத்துப் போட்டேன். இயக்குநர் அம்மா பதிவேட்டைத் தன் பக்கம் இழுத்து அந்த வரியைப் படித்தார். 

வெளியே வராந்தாவில் சகலை என் பின்னால் வந்தார்.

"எதுக்குண்ணே இதெல்லாம்? அடங்கிப்போன விஷயம்."

"நாலு வருஷம் தெரிஞ்சே சும்மா இருந்தீங்களா?"

"முத்திரையைப் பாத்தேன், ஜனவரி பதினொண்ணுன்னு இருந்துச்சு. சரி, அண்ணனுக்கு நம்ம மேல ஏதோ கோவம், இதோட தீந்திருக்கும்னு நெனச்சேன்."

"தீரல."

"தெரியும்ணே. நோட்டு ஓடிட்டுத்தானே இருந்துச்சு."

ஜூன் 29 அன்று இயக்குநரின் உத்தரவு வந்தது. சர்வர் நிலையத்திலேயே இருக்கும், டெபியனில் ஓடும், சகலையே பொறுப்பு. பிரிவு தெரியாத கடிதத் தட்டு ரத்து. பதிவறைக்கு வரும் ஒன்பது கடிதங்களுக்குத் தனி ஆள் தேவையில்லை என்பதால், ஜூலை 1 முதல் நான் சர்வர் பிரிவில் மாற்றக் குறிப்பேட்டை எழுதவேண்டும். அதாவது சகலைக்குக் கீழே. எனக்கு மெமோ எதுவும் இல்லை. உண்மையைத் தானே முன்வந்து சொன்னதால் கண்டிப்பு வேண்டாம் என்று எழுதியிருந்தார்கள்.

2018 மே 31 அன்று ஓய்வுபெறும்வரை மூன்று ஆண்டுகள், படிக்கட்டு அறையில், அவர் எதையாவது மாற்றுவதற்கு முன் என்ன, ஏன், எப்படித் திரும்பப் பழையபடி ஆக்குவது என்று கேட்டு எழுதினேன். எழுதாமல் ஒரு விசையைத் தட்டவிடவில்லை. அந்த மூன்று ஆண்டுகளில் மொத்தத் தடை 40 நிமிடம். பார்க்க வருகிறவர்களிடமெல்லாம் சர்வரை ஓட்டுவது அண்ணனுடைய நோட்டுதான், நான் சும்மா உட்கார்ந்திருக்கிறேன் என்று சொல்லிக்கொண்டிருந்தார். அதைக் கேட்டவர்கள் என்னைப் பார்த்தார்களா என்றால் இல்லை. கரண்டுக்கு எவ்வளவு தன்னடக்கம் பார் என்று அவரைத்தான் பார்த்தார்கள்.

மெமோ மட்டும் அவர் கோப்பிலேயே இருந்தது. தவறு என்னுடையது, தாள் அவரிடம். அப்படி ஒரு பதிவு இடம் மாறிக் கிடப்பதை என்னால் விட முடியவில்லை. 2015 ஜூலை 6 அன்று, மெமோ எண் 7/2011ஐ அவருடைய கோப்பிலிருந்து நீக்கி என் கோப்பில் சேர்க்கக் கோரித் தலைமை அலுவலகத்துக்கு எழுதினேன். பரிசீலனையில் உள்ளது என்று பதில் வந்தது. ஆறு ஆண்டுகளில் ஏழு கடிதங்கள் எழுதினேன், நான்கு பதில்கள் வந்தன. ஓய்வுபெற்ற பிறகும் எழுதினேன். ஓய்வுபெற்றவர் கோப்பில் மெமோ சேர்க்க இயலாது என்று மூன்றாம் பதிலில் சொன்னார்கள். அப்படியானால் அவர் கோப்பிலிருந்தாவது நீக்குங்கள் என்றேன்.

நான்காம் பதில் 2021 ஜனவரி 12 அன்று வந்தது. மெமோ நீக்கப்பட்டால் ஊழியருக்கு 2012 முதல் முன்தேதியிட்டு ஐந்தாம் தரம் வழங்கவேண்டிவரும், கோரிக்கையைத் தொடர விருப்பமா என்று தெரிவிக்கவும் என்றிருந்தது. அந்தக் கடிதத்தை மூன்று முறை படித்தேன். நான் ஓய்வுபெற்றது நான்காம் தரத்தில். வீட்டிலும் வேலையிலும் முப்பது ஆண்டுகளில் நாங்கள் இருவரும் சமமாக நின்ற இடம் அந்த எண் ஒன்றுதான். கடிதத்தைக் கோப்பில் வைத்தேன். பதில் எழுதவில்லை. பிப்ரவரி போயிற்று, மார்ச் போயிற்று, ஜூலையும் போயிற்று.

ஆகஸ்ட் 22, ஞாயிற்றுக்கிழமை சகலை எங்கள் வீட்டுக்கு வந்தார். மாதக் கடைசியில் ஓய்வு. அடுத்து வருகிற பெண்ணிடம் ஒப்படைக்கவேண்டிய பட்டியலை எழுதிக்கொண்டு வந்திருந்தார். வாழ்க்கையில் முதல்முறையாக அவரே எழுதிய பட்டியல். அண்ணன் பார்த்துத் திருத்தினால்தான் கொடுப்பேன் என்றார். பதினோரு பக்கம். எந்தக் கோப்பு எங்கே, எந்தத் திருத்தம் எப்போது, நின்றால் முதலில் எதைப் பார்ப்பது என்று எல்லாம் இருந்தது. திருத்த ஒன்றும் இல்லை. கடைசிப் பக்கத்தில் கோழி கிளறிய கையெழுத்தில் பதவி, தரம் என்ற இடங்களை நிரப்பியிருந்தார். எலெக்ட்ரீஷியன், தரம் 4. பதினெட்டு ஆண்டு ஒரு நிலையத்தின் அஞ்சலை ஓட்டியவர் அப்படி எழுதியிருந்தார். பட்டியலில் தவறாக இருந்தது அது ஒன்றுதான், அதை என் பேனாவால் திருத்த முடியாது.

அவர் மனைவி என் மனைவியோடு உள்ளே பேசிக்கொண்டிருந்தாள். சகலை எங்கள் வீட்டுக் கூடத்து விசிறியின் சத்தத்தைக் கேட்டுவிட்டு ஸ்டூல் எங்கே என்று தேடத் தொடங்கினார். இருக்கட்டும், உட்காருங்கள் என்றேன். அவர் உட்காரவில்லை.

மறுநாள் காலை, கோரிக்கையைத் தொடர விரும்புகிறேன் என்று எட்டாவது கடிதத்தை எழுதி அனுப்பினேன். எழுதும்போது மனம் சந்தோஷமாக இருந்தது என்று சொல்லமாட்டேன். பேனாவை இரண்டு முறை மூடினேன்.

தலைமை அலுவலகத்திலிருந்து ஒரே பக்கத்தில் பதில் வந்தது. மெமோ நீக்கம், ஐந்தாம் தரம், 2012 முதல். நகல் சகலைக்கு, அசல் விண்ணப்பதாரருக்கு, அதாவது எனக்கு. என் வீட்டு வரவு நோட்டில் அது எண் 31. வந்த தேதி 2022 மார்ச் 9, புதன்கிழமை.